யூதர் வீட்டு வெள்ளிக்கிழமையும் ஹனுக்கா விளக்கும்

டிசம்பரில் நியூயார்க்கின் அடுக்குமாடிக் கட்டடங்கள் பலவற்றில், நுழைந்ததும் இரண்டு அலங்காரங்களைப் பார்க்கலாம். வரவேற்புக் கூடத்தின் ஒரு மூலையில் கிறிஸ்துமஸ் மரம். இன்னொரு பக்கம் மேசைமேல் ஒன்பது பல்புகள் கொண்ட விளக்குத் தண்டு. எட்டு நாளைக்கு அதில் தினமும் ஒரு பல்பு கூடுதலாக எரியும். இரண்டையும் சேர்த்தே பார்த்துப் பழகியவர்கள் இரண்டாவதை ‘யூதர்களின் கிறிஸ்துமஸ்’ என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

ஹனுக்கா என்ற அந்தப் பண்டிகையை அப்படிப் புரிந்துகொண்டால் அதில் அழகான பகுதி முழுவதும் கைநழுவிப் போகும் என்பது என் எண்ணம். யூத சமயத்தில் வீட்டுக்கு இருக்கும் இடம் மிகப் பெரியது. வாரம்தோறும் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால், குளிர்காலத்தில் எட்டு இரவு ஜன்னலில் விளக்கு ஏற்றுவது ஏன் என்பது தானாகவே விளங்கும். அதனால் வீட்டு வாசலிலிருந்து தொடங்குகிறேன்.

நியூயார்க்கை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. இஸ்ரேலுக்கு வெளியே யூதர்கள் மிக அதிகமாக வாழும் நகரம் அது. 1880களிலிருந்து 1924 வரை கிழக்கு ஐரோப்பாவிலிருந்து சுமார் 20 லட்சம் யூதர்கள் அமெரிக்காவுக்கு வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதலில் கால் வைத்தது நியூயார்க் துறைமுகத்தில். மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில் காற்றும் வெளிச்சமும் குறைந்த வாடகை வீடுகளில் நெருக்கியடித்துக் குடியிருந்தார்கள். சிரியாவின் அலெப்போவிலிருந்து வந்தவர்கள் புரூக்ளினில் குடியேறினார்கள். பிற்காலத்தில் சோவியத் ஒன்றியத்திலிருந்து வந்தவர்கள் பிரைட்டன் பீச்சையும், மத்திய ஆசியாவின் புகாரா யூதர்கள் குவீன்ஸின் ஃபாரஸ்ட் ஹில்ஸ், ரீகோ பார்க் பகுதிகளையும் தங்கள் இடமாக ஆக்கிக்கொண்டார்கள். ஒரே நகரத்துக்குள் பல வகை யூத வீடுகள்.

எல்லோரும் ஒரே அளவு ஆசாரம் பார்ப்பவர்களும் இல்லை. பியூ ஆய்வு மையம் 2020இல் அமெரிக்க யூதர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில் 37 சதவீதத்தினர் தங்களைச் சீர்திருத்தப் பிரிவு என்றும், 17 சதவீதத்தினர் கன்சர்வேடிவ் என்றும், 9 சதவீதத்தினர் ஆசாரம் கடுமையாகப் பார்க்கும் ஆர்த்தடாக்ஸ் என்றும் சொன்னார்கள். எந்தப் பிரிவிலும் சேராதவர்கள் 32 சதவீதம். கீழே நான் சொல்வது விதிகளை முழுமையாகப் பின்பற்றும் வீட்டின் நடைமுறை. மற்ற வீடுகள் தமக்கு ஏற்றதை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. சில வீடுகளில் ஹனுக்கா விளக்கு மட்டும்தான் மிச்சம்.

வாசலும் அடுப்பும்

யூதர் வீட்டை நிலைக்கதவிலேயே அடையாளம் காணலாம். உள்ளே நுழையும்போது வலதுகைப் பக்கம் வரும் நிலையில், தோள் உயரத்துக்குச் சிறிய உறை ஒன்று பதித்திருப்பார்கள். அதன் பெயர் மெசூசா. உள்ளே இருப்பது தோலில் கையால் எழுதிய சுருள். விவிலியத்தின் உபாகமம் நூலில் 6, 11 ஆம் அதிகாரங்களின் வசனங்கள். ‘இவற்றை உன் வீட்டு நிலைகளில் எழுதிவை’ என்று அந்த வசனங்களே சொல்கின்றன. அதை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றுகிறார்கள். வெளியே போகும்போதும் வரும்போதும் தொட்டு, விரலை முத்தமிட்டுக்கொள்வது பலருடைய வழக்கம். குளியலறை, கழிப்பறை தவிர உள்ளே இருக்கும் அறைகளுக்கும் தனித்தனியாக ஒன்று உண்டு. நியூயார்க்கின் பழைய கட்டடங்களில், வேறு யாரோ குடியிருக்கும் வீட்டு நிலைகளில்கூட, பலமுறை சுண்ணமும் பெயின்ட்டும் பூசி மழுங்கிப்போன மெசூசாக்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முன்பு அங்கே வாழ்ந்த குடும்பத்தின் சுவடு அது.

அடுத்தது சமையலறை. கோஷர் என்ற உணவு விதிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பன்றி இறைச்சி கிடையாது. நண்டு, இறால் கிடையாது. மீன் என்றால் செதிளும் துடுப்பும் இருக்க வேண்டும். ஆடுமாடுகளை விதிப்படி அறுத்து, இறைச்சியில் இருக்கும் இரத்தத்தை உப்பிட்டு நீக்க வேண்டும். ஆனால் அன்றாடம் அதிக கவனம் கேட்பது வேறொரு விதி. ‘குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே’ என்று, மோசேயின் ஐந்து நூல்களான தோராவில் மூன்று இடங்களில் வருகிறது. அதிலிருந்து பாலும் இறைச்சியும் ஒரே சாப்பாட்டில் சேரக் கூடாது என்ற பெரிய ஏற்பாடே வளர்ந்தது. பால் சமையலுக்கு ஒரு தொகுதிப் பாத்திரம், இறைச்சிக்கு இன்னொரு தொகுதி. தட்டு, கரண்டி, பாத்திரம் துலக்கும் நார்வரை தனித்தனி. இடம் இருந்தால் தொட்டியும் இரண்டு. சைவத்துக்கும் அசைவத்துக்கும் தனிப் பாத்திரம் வைக்கும் நம் வீடுகளைத் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். இறைச்சி சாப்பிட்டபின் பால் பொருளைத் தொட ஆறு மணி நேரம் காத்திருப்பவர்கள் உண்டு, மூன்று மணி நேரம் என்று வைத்திருப்பவர்களும் உண்டு. காய்கறி, பழம், முட்டை, மீன் ஆகியவை எதிலும் சேராத பொதுவகை. அதற்குப் பரேவ் என்று பெயர். இந்தப் பரேவ் கொஞ்சம் நினைவில் இருக்கட்டும். ஹனுக்கா பலகாரம் வரும்போது தேவைப்படும்.

வெள்ளிக்கிழமை மாலை

யூத நாள் சூரியன் மறையும்போது தொடங்குகிறது. எனவே சனிக்கிழமையின் ஓய்வுநாளான சப்பாத், வெள்ளிக்கிழமை மாலையே வந்துவிடும். அஸ்தமனத்துக்கு 18 நிமிடம் முன்பு, பொதுவாக வீட்டுப் பெண், மெழுகுவத்தி ஏற்றி, கைகளால் கண்ணை மூடி ஆசி சொல்வார். டிசம்பர் தொடக்கத்தில் நியூயார்க்கில் சூரியன் 4:28 வாக்கிலேயே மறைந்துவிடுகிறது. அப்படியானால் விளக்கேற்றும் நேரம் மாலை 4:10. அதற்குள் அலுவலகத்திலிருந்து வந்து, குளித்து, சமைத்து முடித்திருக்க வேண்டும். நகரத்தின் மிகப் பெரிய கேமராக் கடைகளில் ஒன்றான பி அண்ட் எச் குளிர்காலத்தில் வெள்ளிக்கிழமை மத்தியானமே கதவைச் சாத்துகிறது. சப்பாத் முடியும்வரை அதன் இணையத்தளத்தில்கூட பணம் செலுத்தி வாங்க முடியாது. டிசம்பர் என்றால் கடைக்காரர்களுக்கு அறுவடைக் காலம். அந்த நேரத்திலும் சாத்துகிறார்கள்.

விளக்கு ஏற்றியபின் 39 வகை வேலைகள் நிற்கின்றன. தீ மூட்டுவது, சமைப்பது, எழுதுவது, தைப்பது, வீட்டிலிருந்து பொது வெளிக்குப் பொருளைத் தூக்கிப்போவது எல்லாம் அதில் அடங்கும். மின்விசையைத் தட்டுவதும் கூடாது என்று ஆர்த்தடாக்ஸ் ரபிகள், அதாவது அந்தப் பிரிவின் சமய அறிஞர்கள், தீர்மானித்திருக்கிறார்கள். நகரத்தில் இதை எப்படிச் சமாளிப்பது? விளக்குகளுக்கு டைமர் வைக்கிறார்கள். குளிர்பெட்டிக்குள் இருக்கும் பல்பை முன்கூட்டியே கழற்றிவைக்கிறார்கள். சில கட்டடங்களில் லிஃப்ட் யாரும் பொத்தானை அழுத்தாமலே மாடிக்கு மாடி நின்று நின்று போகும். தூக்கிச்செல்லும் தடைக்கும் வழி உண்டு. ஏரூவ் என்ற எல்லைக் கம்பியைத் தெருவிளக்குக் கம்பங்களின் மேலே ஓடவிட்டு, ஒரு பகுதி முழுவதையும் யூதச் சட்டப்படி ஒரே முற்றமாக ஆக்கிக்கொள்கிறார்கள். அந்த எல்லைக்குள் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக் கூட்டிப்போகலாம். மன்ஹாட்டனின் பெரும்பகுதியைச் சுற்றி இப்படியொரு கம்பி ஓடுகிறது. எங்காவது அறுந்திருக்கிறதா என்று வாரம்தோறும் ஆள் போய்ப் பார்க்கிறார். கீழே நடக்கும் லட்சக்கணக்கானவர்களில் பெரும்பாலோருக்கு அது தலைக்குமேல் இருப்பதே தெரியாது.

தடைகளைப் பட்டியலிட்டால் சப்பாத் சிறைவாசம் போலத் தோன்றும். மேசையைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. பின்னல் போட்ட ஹல்லா ரொட்டி இரண்டு, துணியால் மூடி வைத்திருக்கும். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வெள்ளிக்கிழமைகளில் வானத்திலிருந்து வந்த உணவான மன்னா இரட்டைப் பங்கு கிடைத்ததன் நினைவு அது. பெற்றோர் பிள்ளைகளின் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறார்கள். திராட்சை ரசக் கிண்ணத்தை ஏந்தி ஆசி ஓதுகிறார்கள். அப்புறம் நீண்ட சாப்பாடு, நடுநடுவே பாட்டு. கைபேசி எங்கோ அலமாரியில் கிடக்கிறது. கிழக்கு ஐரோப்பிய வழியினர் பீன்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு, இறைச்சி போட்டு வெள்ளிக்கிழமையே குறைந்த சூட்டில் ஏற்றிவைக்கும் சோலண்ட், இரவெல்லாம் வெந்து சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும். அடுப்பு மூட்டக் கூடாது என்ற விதியிலிருந்து பிறந்த சமையல். ஜனவரிக் குளிரில், வெளியே பனி கொட்டும்போது, அந்தக் குழம்பின் வாசனைக்கு ஈடில்லை. சனிக்கிழமை இரவு வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்ததும், பின்னல் மெழுகுவத்தி, திராட்சை ரசம், கிராம்பு போன்ற வாசனைப் பொருள் மூன்றையும் வைத்து ஓய்வுநாளை வழியனுப்புகிறார்கள்.

சில பொது வழிபாடுகளுக்குப் பத்துப் பேர் கூட வேண்டும் என்ற விதி உண்டு. வெள்ளிக்கிழமை விளக்குக்கும் மேசைக்கும் அந்தக் கணக்கு இல்லை, வீடு இருந்தால் போதும். நாடு நாடாகப் பெயர்ந்த மக்களால் தங்கள் சமயத்தைக் கையோடு கொண்டுபோக முடிந்ததற்கு இந்த மேசை பெரிய காரணம் என்று நான் நம்புகிறேன்.

எட்டு இரவு

இப்போது ஹனுக்கா. கிறிஸ்து பிறப்பதற்கு 167 ஆண்டுகளுக்கு முன், யூதேயாவை ஆண்ட, கிரேக்க வழிவந்த செலூசிட் வம்சத்து அரசன் நான்காம் அந்தியோக்கஸ் யூத வழிபாட்டைத் தடை செய்தான். எருசலேம் கோயிலில் வேற்றுத் தெய்வத்துக்குப் பலி நடந்தது. மோதியின் என்ற ஊரின் குருவான மத்ததியாவும் அவர் மகன்களும் கலகம் செய்தார்கள். மகன் யூதா மக்கபி கி.மு. 164இல் கோயிலை மீட்டுத் தூய்மை செய்து மறுபடி அர்ப்பணித்தார். அந்த அர்ப்பணிப்பின் நினைவுதான் ஹனுக்கா.

எண்ணெய் கதை இதற்கு வெகுகாலம் பிந்தியது. ஒரு நாளைக்கு மட்டும் போதுமான தூய எண்ணெய் கிடைத்தது, அது எட்டு நாள் எரிந்தது என்று, ரபிகளின் சட்ட விவாதங்களைத் தொகுத்த டால்முட் சொல்கிறது. அந்தக் கலகத்தின் வரலாற்றைச் சொல்லும் மக்கபேயர் முதல் நூல் எட்டு நாள் கொண்டாட்டத்தைச் சொல்கிறது, எண்ணெயைப் பற்றி ஒரு வரி இல்லை. இரண்டாம் நூல், போரினால் விட்டுப்போன கூடாரப் பண்டிகையைப் போல எட்டு நாள் கொண்டாடினார்கள் என்கிறது. போர் வெற்றியைக் காட்டிலும் விளக்கையே முன்னால் வைத்தது பிற்கால ரபிகளின் தேர்வு. எனக்கு அது மிக நல்ல தேர்வாகப் படுகிறது. வாளை வீட்டுக்குள் வைத்துக் கொண்டாட முடியாது. விளக்கை யாரும் ஏற்றலாம்.

கிஸ்லேவ் மாதம் 25ஆம் தேதி பண்டிகை தொடங்கும். யூத மாதம் நிலவைப் பின்பற்றுவது. 12 நிலவு மாதத்துக்கு ஏறக்குறைய 354 நாள்தான் வரும். பருவங்கள் தவறாமல் இருக்க 19 ஆண்டுகளில் ஏழு முறை ஒரு மாதத்தைக் கூட்டுகிறார்கள். அதனால்தான் ஹனுக்கா ஆங்கில நாட்காட்டியில் நவம்பர் கடைசிக்கும் டிசம்பர் கடைசிக்கும் நடுவே நகர்ந்துகொண்டே இருக்கிறது. 2013இல் அமெரிக்காவின் நன்றி சொல்லும் நாளோடு சேர்ந்து வந்தது. 2024இல் முதல் விளக்கு டிசம்பர் 25 மாலையில் விழுந்தது. ஆனால் வானத்தில் அதன் இடம் மாறுவதில்லை. மாதத்தின் 25ஆம் நாளில் தொடங்கி அடுத்த மாதத் தொடக்கம்வரை போவதால், எட்டு இரவுகளுக்குள் அமாவாசை கட்டாயம் வரும். ஆண்டின் நீண்ட இரவுகள் வரும் பருவம், அதிலும் நிலவில்லாத நாட்கள். விளக்குக்கு இதைவிடப் பொருத்தமான நேரம் வாய்க்காது.

விளக்குத் தண்டில் ஒன்பது இடம். எட்டு, எட்டு இரவுகளுக்கு. ஒன்பதாவது கொஞ்சம் உயரமாகவோ தள்ளியோ இருக்கும். அது ஷமாஷ் என்ற உதவி விளக்கு. மற்றவற்றை ஏற்ற அதைத்தான் பயன்படுத்துவார்கள். முதல் இரவு ஒன்று, இரண்டாம் இரவு இரண்டு என்று கூட்டிக்கொண்டே போய், கடைசி இரவு எட்டும் ஷமாஷும் சேர்ந்து எரியும். கடைகளில் விற்கும் மெழுகுவத்திப் பெட்டியில் 44 இருக்கும், கூட்டிப் பார்த்தால் கணக்கு சரியாக வரும். மெழுகுவத்தியை வலப்பக்கத்திலிருந்து அடுக்கி, இடப்பக்கத்திலிருந்து ஏற்ற வேண்டும். அன்றைய புது விளக்குக்கே முதல் மரியாதை.

ஏன் ஏறுவரிசை? இதற்கு டால்முட்டில் ஒரு வாதம் உண்டு. பழைய ரபிகளான ஷம்மாய், ஹில்லேல் இருவர் வழியிலும் இரண்டு பள்ளிகள் இருந்தன. ஷம்மாய் பள்ளியினர் எட்டில் தொடங்கித் தினம் ஒன்றாகக் குறைக்கச் சொன்னார்கள். ஹில்லேல் பள்ளியினர் ஒன்றில் தொடங்கிக் கூட்டச் சொன்னார்கள். புனிதமான காரியத்தில் ஏற வேண்டும், இறங்கக் கூடாது என்பது அவர்கள் காரணம். வழக்கில் நின்றது ஹில்லேல். இத்தனை கூட்டலும் மேல்சிறப்புதான். அடிப்படைக் கடமை இரவுக்கு ஒரே ஒரு விளக்கு, அதுவும் ஆளுக்கு ஒன்று என்று இல்லை, வீட்டுக்கு ஒன்று. சட்டம் வீட்டை ஒரு அலகாக எண்ணுகிறது. இன்று கிழக்கு ஐரோப்பிய வழிவந்த வீடுகளில் பிள்ளைகள் உட்பட ஆளுக்கொரு தண்டு வைத்து ஏற்றுகிறார்கள். ஸ்பெயின், மத்திய கிழக்கு வழியினர் பொதுவாக வீட்டுக்கு ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டு அலெப்போவில் அடைக்கலம் கிடைத்தவர்களின் வம்சத்தினர், அந்த நன்றிக்காகத் தினமும் கூடுதலாக ஒரு ஷமாஷ் ஏற்றும் வழக்கம் வைத்திருக்கிறார்கள். இன்றைக்கும் புரூக்ளினில் அது எரிகிறது.

ஏற்றும்போது ஆசி மொழிகள் உண்டு. முதல் இரவில் மூன்று, மற்ற இரவுகளில் இரண்டு. விளக்கு குறைந்தது அரைமணி நேரம் எரிய வேண்டும். அந்த வெளிச்சத்தில் படிக்கவோ வேலை பார்க்கவோ கூடாது. சும்மா உட்கார்ந்து பார்ப்பதற்கு மட்டுமே அந்த ஒளி. அது எரியும்வரை பெண்கள் வீட்டு வேலை எதையும் தொடுவதில்லை என்பதும் பழைய வழக்கம்.

எண்ணெயை நினைத்து எண்ணெயில் பொரித்ததைச் சாப்பிடுகிறார்கள். இஸ்ரேலிலும் இப்போது நியூயார்க் பேக்கரிகளிலும் ஜாம் வைத்த சுஃப்கனியோட் என்ற பொரித்த உருண்டை. வீட்டில் லட்கே: உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் துருவி, தண்ணீர் போகப் பிழிந்து, முட்டையும் கொஞ்சம் மாவும் சேர்த்துத் தட்டையாகப் பொரிப்பது. பிழிவதில் கஞ்சத்தனம் காட்டினால் மொறுமொறுப்பு வராது. இதற்குத் தொட்டுக்கொள்ள ஆப்பிள் கூழா, புளித்த பாலேடா என்று யூத வீடுகளில் ஓயாத வாக்குவாதம் உண்டு. முன்பு சொன்ன பரேவ் இங்கே வேலைக்கு வருகிறது. எண்ணெயில் பொரித்த லட்கே பொதுவகை, எதனோடும் சேரும். ஆனால் அன்று சாப்பாட்டில் இறைச்சி இருந்தால் பாலேட்டுக்கு இடமில்லை, ஆப்பிள்தான். கிழக்கு ஐரோப்பாவில் வாத்துக் கொழுப்பில் பொரித்த காலத்திலும் இதே நிலைமைதான். நாவின் ருசியைப் போலத் தோன்றுவதன் பின்னால் சமையலறை விதி நிற்கிறது.

பிள்ளைகளுக்கு டிரேடல் என்ற நாலு முகப் பம்பரம். விழும் எழுத்தைப் பொறுத்து நடுவிலிருக்கும் குவியல் முழுவதையும் எடுக்கலாம், பாதி எடுக்கலாம், ஒன்றும் இல்லாமல் போகலாம், அல்லது கையிலிருந்து போட வேண்டிவரும். பந்தயப் பணம், தங்கத்தாள் சுற்றிய சாக்லேட் காசு. நாளுக்கொரு பரிசு தருவது அமெரிக்காவில் வளர்ந்தது. கடைவீதி முழுவதும் கிறிஸ்துமஸ் மினுக்கும் ஊரில், பிள்ளைகள் ஏங்கிப்போகக் கூடாது என்று பெற்றோர் செய்த ஏற்பாடு. சமய வரிசையில் ஹனுக்கா சிறிய பண்டிகை. வேலைக்குப் போகத் தடையில்லை.

இருபது முழமும் இருபதாம் மாடியும்

இந்த விளக்குக்கு மட்டும் ஒரு விசித்திரமான கடமை இருக்கிறது. சப்பாத் விளக்கு வீட்டாருக்கு. ஹனுக்கா விளக்கு தெருவில் போகிறவருக்கு. நடந்த அற்புதத்தை ஊரறியச் செய்ய வேண்டும் என்பதால், வாசலுக்கு வெளியே வை என்கிறது டால்முட். மாடியில் குடியிருந்தால் தெருவைப் பார்த்த ஜன்னலில் வை. ஆபத்துக் காலமாக இருந்தால் உள்ளே மேசைமேல் வைத்தால் போதும். எவ்வளவு நேரம்வரை ஏற்றலாம் என்பதற்கும் தெருவே அளவுகோல்: சந்தையில் நடமாட்டம் ஓயும்வரை.

இன்னொரு விதி, தரையிலிருந்து 20 முழத்துக்குமேல் வைத்த விளக்கு செல்லாது. அவ்வளவு உயரத்தில் இருப்பது கண்ணில் படாது என்பது காரணம். முழம் ஒன்றரை அடி என்று வைத்தால் 30 அடி; மூன்று மாடி. இருபதாம் மாடிக்காரர் என்ன செய்வார்? ரபிகள் இதைத் தீவிரமாக விவாதித்திருக்கிறார்கள். எதிர்க் கட்டடத்தில் அதே உயரத்தில் குடியிருப்பவர்களுக்குத் தெரியுமே, அதனால் ஜன்னல் சரிதான் என்பது ஒரு பதில். வீட்டு வாசலருகே வைப்பது மேல் என்பது இன்னொரு பதில். தெரு என்றால் தரை மட்டும்தானா என்ற கேள்வியை அடுக்குமாடி வாழ்க்கை எழுப்பியது, பழைய சட்டமும் அதற்கு முகங்கொடுத்தது. மெழுகுவத்தி ஏற்றத் தடை உள்ள மருத்துவமனைகளிலும் மாணவர் விடுதிகளிலும் மின்விளக்குத் தண்டு வைக்கிறார்கள். ஆனால் அதனால் கடமை நிறைவேறாது என்பதே பெரும்பாலான ஆர்த்தடாக்ஸ் ரபிகளின் கருத்து. வரவேற்புக் கூடத்தில் எரியும் பல்புத் தண்டும் அலங்காரக் கணக்கில்தான் வரும்.

‘ஆபத்துக் காலம்’ என்ற சொல் ஏட்டோடு நிற்பதில்லை. 1931 ஹனுக்காவில் ஜெர்மனியின் கீல் நகரில், ரபி அகிவா போஸ்னரின் மனைவி ராகேல் போஸ்னர் தம் வீட்டு ஜன்னல் விளக்கைப் படம் எடுத்தார். படத்தில் ஜன்னலுக்கு அப்பால், எதிர்க் கட்டடத்தில் நாஜிக் கொடி தொங்குகிறது. குடும்பம் 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேறியது. அந்த விளக்கு இப்போது எருசலேமில் யூத இனப்படுகொலையின் நினைவகமான யாத் வாஷெமில் இருக்கிறது. ஹனுக்காதோறும் வாரிசுகள் அதை வாங்கிவந்து ஏற்றுகிறார்கள். 1993 டிசம்பரில் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்துப் பில்லிங்ஸ் ஊரில், ஹனுக்கா விளக்குப் படம் ஒட்டியிருந்த ஒரு சிறுவனின் அறை ஜன்னலில் யாரோ கல்லெறிந்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகை பக்கம் முழுவதும் அந்த விளக்கின் படத்தை அச்சிட்டது. யூதர் அல்லாத ஆயிரக்கணக்கான வீடுகள் அதை வெட்டித் தங்கள் ஜன்னலில் ஒட்டிக்கொண்டன. எந்த வீடு யூதர் வீடு என்று தெரியாமல் போயிற்று.

பொது இடத்துப் பெரிய விளக்குகள் பிற்காலத்து முயற்சி. புரூக்ளினின் கிரௌன் ஹைட்ஸில் இருந்த லுபாவிச் ரபி மெனாகெம் மெண்டல் ஷ்னீர்சனின் தூண்டுதலால், அவர் தலைமை தாங்கிய ஹபாத் என்ற ஆர்த்தடாக்ஸ் இயக்கத்தினர் 1974இல் ஃபிலடெல்ஃபியாவின் லிபர்ட்டி மணிக்கு அருகில் ஒன்றை ஏற்றினார்கள். மன்ஹாட்டனில் ஐந்தாம் அவென்யூவும் 59ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில் இப்போது நிற்பது இஸ்ரேலியக் கலைஞர் யாகோவ் ஆகாம் வடிவமைத்த 32 அடி விளக்கு. தூக்கும் இயந்திரத்தில் ஏறிப்போய் ஏற்றுகிறார்கள். முழத்தைச் சற்றுப் பெரிதாக எடுத்துக்கொண்டாலும், அதன் உயரத்தை நிறுத்தியதும் அந்த 20 முழ விதிதான். சமயச் சின்னத்தைப் பொது இடத்தில் வைப்பது அரசையும் சமயத்தையும் கலப்பதாகும் என்று எதிர்த்தவர்களில் யூத அமைப்புகளும் இருந்தன. பிட்ஸ்பர்க் வழக்கில் 1989இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கிறிஸ்துமஸ் மரத்தருகே நின்ற ஹனுக்கா விளக்கை அனுமதித்தது. எதிர்த்தவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. அரசு சமயத்திலிருந்து ஒதுங்கி நிற்பதே சிறுபான்மைக்கு நீண்டகாலப் பாதுகாப்பு.

பெரிய விளக்கைக் காட்டிலும் எனக்கு முக்கியமாகப் படுவது டால்முட்டில் வரும் ஒரு தீர்ப்பு. ஹனுக்காவுக்குள் வரும் வெள்ளிக்கிழமையன்று ஓர் ஏழையிடம் ஒரு விளக்குக்கு மட்டுமே காசு இருக்கிறது. எதை ஏற்றுவார், ஹனுக்கா விளக்கையா, சப்பாத் விளக்கையா? சப்பாத் விளக்கைத்தான் என்கிறது தீர்ப்பு. காரணம், வீட்டின் சமாதானம். இருட்டில் உட்கார்ந்து சாப்பிடும் குடும்பத்தில் மன நிம்மதி இராது. பிச்சை எடுத்தாவது ஹனுக்கா விளக்கு ஏற்று என்று எழுதிய யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ், ஹனுக்கா சட்டங்களை முடிப்பது இந்தத் தீர்ப்பில்தான். ஊரறிய அற்புதத்தைச் சொல்வதற்கும் முன்னால் வீட்டுக்குள் வெளிச்சம் வேண்டும்.

டிசம்பர் 25ஆம் தேதி

கிறிஸ்துமஸ் அன்று நியூயார்க் யூதர்கள் பலர் சீன உணவகத்துக்குப் போகிறார்கள். லோயர் ஈஸ்ட் சைடும் சைனாடவுனும் பக்கத்துப் பேட்டைகள். எல்லாக் கடையும் மூடிய நாளில் சீனர் கடை திறந்திருந்தது. சீனச் சமையலில் பால் கிட்டத்தட்ட இல்லை, எனவே இறைச்சியோடு பால் கலக்கும் கவலையும் குறைவு. கோஷர் பார்க்காதவர்களுக்கும் இது ஒரு பண்டிகை போல ஆகிவிட்டது.

பிரைட்டன் பீச்சில் மரம் வைத்த யூத வீடுகளைப் பார்த்து வியப்பவர்கள் உண்டு. அது கிறிஸ்துமஸ் மரம் இல்லை. சோவியத் அரசு 1935இல் மரத்தைப் புத்தாண்டுக்கு உரியதாக மாற்றித் திரும்ப அனுமதித்தது. சமயம் கலக்காத அந்தப் புத்தாண்டைக் குடும்பமாகக் கொண்டாடி வளர்ந்தவர்கள் அதை அமெரிக்காவுக்கும் கொண்டுவந்தார்கள். கலப்பு மண வீடுகளில் மரமும் விளக்கும் சேர்ந்தே இருப்பது சகஜம். 2010க்குப்பின் மணமான அமெரிக்க யூதர்களில் 61 சதவீதத்தினரின் துணை யூதர் அல்லர் என்கிறது அதே பியூ கணக்கு. இது பல குடும்பங்களில் வருத்தமும் பேச்சுவார்த்தையுமாகத் தீரும் விஷயம். வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்ல நமக்கு இடமில்லை.

குளிர்காலம் ஹனுக்காவோடு முடிவதில்லை. ஜனவரி, பிப்ரவரி வாக்கில் மரங்களின் புத்தாண்டான து பிஷ்வாத் வரும். அத்தி, பேரீச்சை, மாதுளை, கொட்டைகள் சாப்பிடுவார்கள். குளிர் விடும் நேரத்தில் புரிம். அன்று விவிலியத்தின் எஸ்தர் சுருளை வாசிக்கும்போது, யூதர்களை அழிக்கத் திட்டமிட்ட ஆமானின் பெயர் வந்தால் கிலுகிலுப்பை சத்தத்தில் காது அடைக்கும். புரூக்ளினின் பரோ பார்க், வில்லியம்ஸ்பர்க் தெருக்களில் பிள்ளைகள் வேடம் போட்டு, வீடு வீடாகப் பலகாரத் தட்டு கொண்டுபோவார்கள்.

அழைப்பு வந்தால்

யூத நண்பர் ஹனுக்காவுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டால் தாராளமாகப் போகலாம். வீட்டில் சமைத்ததைக் கொண்டுபோவதைவிட முழுப் பழங்களோ பூவோ நல்லது. அவர்கள் கோஷர் பார்ப்பவர்களா என்ற சங்கடம் எழாது. கடைப் பொருள் என்றால் கோஷர் முத்திரை பாருங்கள். அமெரிக்காவில் வட்டத்துக்குள் ஓர் ஆங்கில யூ எழுத்து பரவலான முத்திரை. விளக்கேற்றும் நேரத்துக்கு முன்பே போய்விடுங்கள். ஏற்றி முடித்தபின் அந்தச் சுடரிலிருந்து வேறு எதையும் பற்றவைக்காதீர்கள்.

2026இல் முதல் இரவு டிசம்பர் 4, வெள்ளிக்கிழமை. இரண்டு விளக்கும் ஒரே மாலையில் வருகின்றன. சப்பாத் விளக்கு ஏற்றியபின் தீ மூட்ட முடியாது, ஆகவே ஹனுக்கா விளக்கை முதலில் ஏற்ற வேண்டும். நியூயார்க்கில் மாலை நாலு மணியளவில், இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே. அது இருட்டிய பிறகும் அரைமணி நேரம் நின்று எரிய வேண்டும் என்பதால், பெட்டியில் வரும் மெல்லிய மெழுகுவத்தி போதாது. பெரிய மெழுகுவத்தியோ நிறைய எண்ணெயோ முன்கூட்டியே வாங்கி வைத்திருப்பார்கள். அன்று அழைப்பு வந்தால் மூன்றரை மணிக்கே அங்கே இருங்கள், சாப்பிட்டு முடிக்கும்வரை கைபேசியைப் பையிலேயே விட்டுவையுங்கள்.